பிஐபி போர்டு சொதப்புதா? அறிகுறியைப் பாத்து சரி பண்ற வழி

ஒருத்தருக்கு பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் பிளான் (சுருக்கமா பிஐபி, வேலைல பின்தங்குனவருக்கு இலக்கும் கெடுவும் வச்சுக் குடுக்குற திட்டம்) போட்டாச்சு, அத ஜிரா, ஆசானா, ட்ரெல்லோ மாதிரி வேலைய கார்டு கார்டா போர்டுல வச்சு கண்காணிக்கிற டூல் எதுலயோ ஓட்டிட்டு இருக்கீங்க, நடுவுல எங்கயோ சிக்கிக்கிச்சு. இந்த மாதிரி போர்டுகள திரும்பத் திரும்ப சரி பண்ணிக் குடுத்ததுல வந்த குறிப்பு தான் இது. பிஐபி நல்லதா கெட்டதான்னு இங்க பேசல. உங்க போர்டுல என்ன அறிகுறி தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க. அஞ்சு நிமிஷத்துல முடியுற காரணம் முதல்ல இருக்கும், நேரமும் பணமும் இழுக்குறது கடைசில இருக்கும், எந்த இடத்துல நீங்க கைய எடுத்துட்டு வேற ஆளக் கூப்பிடணும்னும் சொல்லியிருக்கேன்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்குங்க. அந்த போர்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் தன்னோட வேலை நிக்குமா போகுமான்னு தெரியாம தினமும் அதத் திறந்து பாத்துட்டு இருக்காரு. உங்களுக்கு சின்ன செட்டிங் தப்பு, அவருக்கு ஒரு ராத்திரி தூக்கம்.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி: இது நடந்திருந்தா கீழ போகாதீங்க

அந்த ஊழியர் உடம்பு சரியில்ல, கர்ப்பமா இருக்கேன், ஊனம் சம்பந்தமா வசதி வேணும்னு எதாவது சொல்லியிருக்காரா? மேனேஜர் மேல புகார் குடுத்திருக்காரா? தன்னோட சாதி, மதம், இனம், வயசு, பாலினம் காரணமாத்தான் இப்படி பண்றாங்கன்னு சொன்னாரா? வக்கீல் கிட்ட இருந்து எதாவது வந்துச்சா?

இதுல ஒண்ணு ஆமான்னாலும் போர்டுல ஒரு எழுத்தக்கூட மாத்தாதீங்க, டியூ டேட்ட நகத்தாதீங்க, பழைய கமெண்ட்ட அழிக்காதீங்க, இருக்குறத அப்படியே எக்ஸ்போர்ட் பண்ணி எச்ஆர் கிட்ட குடுத்துட்டு அடுத்து என்ன பண்றதுன்னு எழுத்துல கேளுங்க. தொழிலாளர் சட்டம் நாட்டுக்கு நாடு வேற, அதனால வக்கீல் வேணுமா வேணாமான்னு முடிவெடுக்குறது எச்ஆர் வேலை. புகார் வந்ததுக்கு அப்புறம் நீங்க நல்ல எண்ணத்துல ஒரு தேதிய திருத்தினாக்கூட அது ஆதாரத்துல கை வச்ச மாதிரி தான் தெரியும்.

அறிகுறி 1: பிளான் விஷயம் டீம்ல வேற யாருக்கோ தெரிஞ்சு போச்சு

இருக்குறதுலயே அவசரமானது இது தான், அதனால முதல்ல வச்சிருக்கேன்.

*டாஸ்க் பேருல தான் கசிஞ்சுதா?*
கார்டுக்கு "பிஐபி", பக்கத்துல அவர் பேரு, இப்படி தலைப்பு வச்சிருந்தா போர்டு எவ்ளோ பூட்டி வச்சாலும் பிரயோஜனம் இல்ல. டாஸ்க் அசைன் பண்ணதும் மெயிலோட சப்ஜெக்ட்ல அந்தத் தலைப்பு போகும், போன் லாக் ஸ்கிரீன்ல வரும், மீட்டிங்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணும்போது மூலைல ஒரு பாப்-அப்பா எட்டிப் பாக்கும். தலைப்ப "ஜனவரி - மார்ச் வேலைத் திட்டம்" மாதிரி யார் பாத்தாலும் ஒண்ணும் புரியாத பேரா மாத்துங்க, விவரம் எல்லாம் உள்ள டிஸ்கிரிப்ஷன்ல இருக்கட்டும். போர்டு பேருக்கும் லேபிளுக்கும் இதே தான், லேபிள மறந்துடுறவங்க நிறைய பேரு.

*போர்டு யாருக்குத் திறந்திருக்கு?*
ட்ரெல்லோவுல போர்டு "வொர்க்ஸ்பேஸ்" விசிபிலிட்டில இருந்தா அந்த வொர்க்ஸ்பேஸ்ல இருக்குற எல்லாரும் பாக்கலாம், "பிரைவேட்"ல இருக்கணும். ஜிராவுல டீம் மேனேஜ்டு புராஜெக்ட்னா (டீமே செட்டிங்க பாத்துக்குற வகை) ஓப்பன், லிமிடெட், பிரைவேட்னு மூணு வகை உண்டு, லிமிடெட்னு பேரு இருக்கேன்னு நம்பிடாதீங்க, அதுலயும் எல்லாரும் படிக்கலாம், கமெண்ட்டும் போடலாம். ஜிராவோட இலவச பிளான்ல பர்மிஷன மாத்தவே முடியாது, அதனால அதுல பிஐபி ஓட்டவே ஓட்டாதீங்க. மைக்ரோசாஃப்ட் பிளானர்ல பிளான் ஒரு குரூப்போட ஒட்டியிருந்தா குரூப்ல இருக்குற அத்தன பேரும் பாப்பாங்க.

*பூட்டுன போர்டுல இருந்து டாஸ்க் வெளிய போச்சா?*
ஆசானாவுல ஒரு டாஸ்க ரெண்டு புராஜெக்ட்ல வைக்கலாம். பிரைவேட் புராஜெக்ட்ல இருந்த டாஸ்க வசதிக்காக டீம் புராஜெக்ட்லயும் சேத்துட்டா, டீம் புராஜெக்ட்ல இருக்குற எல்லாருக்கும் அது தெரியும். அதே ஆசானாவுல கமெண்ட்ல யாரையாவது @ போட்டு கூப்பிட்டா அவரு அந்த டாஸ்குக்கு கொலாபரேட்டர் ஆயிடுவாரு, பழைய கமெண்ட் எல்லாத்தையும் படிக்கலாம். "இந்த டெப்லாய்மென்ட் பத்தி சீனியர் கிட்ட கேளுங்க"ன்னு எழுதி அந்த சீனியர டேக் பண்ணீங்கன்னா முடிஞ்சுது கதை.

*ஆட்டோமேஷன் தான் உளறுதா?*
சாட் சேனலோட கனெக்ட் பண்ணி வச்சிருக்கீங்களான்னு பாருங்க. "எதாவது டாஸ்க் ஓவர்டியூ ஆனா டீம் சேனல்ல போடு"ன்னு எப்பவோ போட்ட ரூல் இந்த போர்டுக்கும் சேத்து ஓடும். ஷேர் பண்ண டாஷ்போர்டு, வாராந்திர சம்மரி மெயில், இதையும் பாருங்க.

*செக் பண்ற விதம்:* அட்மின் கிட்ட சொல்லி எந்த விசேஷ உரிமையும் இல்லாத டெஸ்ட் அக்கவுண்ட் ஒண்ணு வாங்குங்க. அதுல லாகின் பண்ணி அந்த ஊழியர் பேர, போர்டு பேர, தலைப்புல வர்ற வார்த்தைகள தேடுங்க. ஒண்ணும் வரக்கூடாது. உங்க சொந்த அக்கவுண்ட்ல இருந்து பாத்து "பிரைவேட்டா தான் இருக்கு"ன்னு சொல்றது செக் ஆகாது.

*எப்போ கூப்பிடணும்:* பர்மிஷன் ஸ்கீம் புரியலன்னா டூல் அட்மின். ஏற்கனவே யாரோ பாத்துட்டாங்கன்னா அன்னைக்கே எச்ஆர், அப்புறம் அந்த ஊழியர் கிட்டயும் நேர்ல சொல்லணும். வேற யார் மூலமாவோ அவருக்குத் தெரிய வர்றதுக்குள்ள உங்க வாயால தெரியணும்.

அறிகுறி 2: கார்டு நகரவே மாட்டேங்குது, அவரு எதுவும் அப்டேட் பண்றதில்ல

இத பாத்ததும் "பாத்தீங்களா, அக்கறையே இல்ல"ன்னு முடிவுக்கு வர்ற மேனேஜருங்க உண்டு. நிறுத்துங்க, முதல்ல கீழ இருக்குறத பாருங்க.

*அவரால அப்டேட் பண்ண முடியுதா?* போர்ட பூட்டுற அவசரத்துல அவருக்கு படிக்குற உரிமை மட்டும் குடுத்திருப்பாங்க. அவர பக்கத்துல உக்கார வச்சு, அவரோட லேப்டாப்ல, ஒரு கமெண்ட் போடச் சொல்லி ஸ்டேட்டஸ மாத்தச் சொல்லிப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.

*நோட்டிஃபிகேஷன் போகுதா?* டூல்ல இருந்து வர்ற மெயில் எல்லாம் நேரா ஒரு ஃபோல்டருக்குப் போற மாதிரி முக்காவாசி பேரு ஃபில்டர் போட்டு வச்சிருப்பாங்க. உங்க கேள்வி அங்க படிக்காம கிடக்கும்.

*ஒரே விஷயத்த எத்தன இடத்துல எழுதச் சொல்லியிருக்கீங்க?* தினசரி ஸ்டாண்ட்-அப், டிக்கெட் (டீமோட ஒவ்வொரு வேலைக்கும் டூல்ல போடுற பதிவு) கமெண்ட், பிஐபி கார்டு, வாராந்திர மெயில். நாலு இடத்துல எழுதணும்னா யாரா இருந்தாலும் எதாவது ஒண்ணத்த விட்டுடுவாங்க. வேலை நடக்குற டிக்கெட் அதோட சொந்த போர்டுலயே இருக்கட்டும், பிஐபி கார்டுல அதோட லிங்க் மட்டும் போதும். ஆனா லிங்க் போடும்போது ஒண்ணு பாக்கணும், சில டூல்ல லிங்க் ரெண்டு பக்கமும் தெரியும், டீம் டிக்கெட்டுக்கு அடியில "இதோட தொடர்புடையது"ன்னு பிஐபி கார்டு வந்து நிக்கும். அதனால டூலோட லிங்க் வசதிய விட்டுட்டு வெறும் முகவரிய காப்பி பண்ணி ஒட்டினா பாதுகாப்பு, அப்புறம் டெஸ்ட் அக்கவுண்ட்ல அந்த டீம் டிக்கெட்டத் திறந்து ஒருதடவ பாத்துக்குங்க.

*கார்டுல எழுதியிருக்குறது செய்யக்கூடிய விஷயமா?* பெரும்பாலும் மாட்டுறது இங்க தான். கார்டுல இப்படி இருக்கும்:

"கோட் குவாலிட்டியை இம்ப்ரூவ் பண்ணணும். கம்யூனிகேஷன்ல புரோஆக்டிவா இருக்கணும்."

இத வச்சு ஒருத்தர் நாளைக்குக் காலைல வந்து என்ன செய்வாரு? எப்போ முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? இதே கார்ட பிரிச்சு எழுதினா இப்படி வரும்:

"ரிவ்யூவுக்கு அனுப்புற ஒவ்வொரு மாற்றத்துக்கும் யூனிட் டெஸ்ட் சேந்து இருக்கணும், பில்ட் பாஸ் ஆன அப்புறம் தான் ரிவ்யூ கேக்கணும். ஒரு டிக்கெட் சொன்ன தேதிக்கு முடியாதுன்னு தெரிஞ்சா, அந்தத் தேதிக்கு ஒரு வேலை நாள் முன்னாடியே டிக்கெட்ல காரணத்தோட கமெண்ட் போடணும். முதல் 30 நாள் முடிவுல அந்த மாசத்து டிக்கெட் எல்லாத்தையும் ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பாத்து இந்த ரெண்டையும் சரிபாக்கணும்."

இப்போ யாரு படிச்சாலும் நடந்துச்சா நடக்கலையான்னு சொல்லிடலாம். செக் இது தான்: பிளான் பத்தி ஒண்ணுமே தெரியாத எச்ஆர் ஆள் ஒருத்தர் கிட்ட கார்ட மட்டும் காட்டி "இது முடிஞ்சுதா இல்லையா, எப்படி கண்டுபிடிப்பீங்க"ன்னு கேளுங்க. அவரு முழிச்சா திருப்பி எழுதுங்க. பிளான் ஏற்கனவே கையெழுத்தாகியிருந்தா வாசகத்த நீங்களா மாத்தக்கூடாது, எச்ஆர் சம்மதத்தோட, ஊழியருக்கும் காட்டி, புது பதிப்புன்னு தேதி போட்டு மாத்தணும்.

*பயமா இருக்கா?* எழுதுற ஒவ்வொரு வரியும் தனக்கு எதிரா திரும்பும்னு நினைச்சா யாரும் எழுத மாட்டாங்க. கமெண்ட் ஹிஸ்டரிய ஒருதடவ மேல இருந்து கீழ படிங்க. அவரு எதாவது எழுதும்போதெல்லாம் உங்க பதில் குறை சொல்றதா மட்டுமே இருந்தா காரணம் கிடைச்சாச்சு. இதுக்கு செட்டிங் கிடையாது, நேர்ல பேசணும். ரெண்டு சந்திப்புக்கு அப்புறமும் அவரு வாயே திறக்கலன்னா எச்ஆர்ல இருந்து நடுநிலையான ஒருத்தர சந்திப்புல உக்கார வைங்க.

அறிகுறி 3: வாராந்திர செக்-இன் டாஸ்க் திடீர்னு வர்றது நின்னுடுச்சு

*போன வாரத்து டாஸ்க முடிச்சீங்களா?* ஆசானாவுல ரிப்பீட் ஆகுற டாஸ்க், இப்போ இருக்குறத கம்ப்ளீட்னு குறிச்சா தான் அடுத்தத உருவாக்கும். ஒரு வாரம் சந்திப்பு நடந்து டிக் அடிக்க மறந்தா அடுத்த வாரம் எதுவும் வராது, யாருக்கும் ஞாபகம் வராது, மூணு வாரம் காணாமப் போயிடும். கிளிக்அப்ங்கற டூல்ல ஸ்டேட்டஸ் மாறும்போது வரணுமா தேதிப்படி வரணுமான்னு தேர்ந்தெடுக்கலாம், தேதிப்படின்னு வைங்க.

*யாரோட டாஸ்க் அது?* ஊழியர் பேருல இருந்தா மாத்துங்க. சந்திப்பக் கூட்ட வேண்டியது மேனேஜர், அதனால டாஸ்க் மேனேஜர் பேருல தான் இருக்கணும். மேனேஜர் லீவுன்னா யாரு எடுக்கணும்னு பிளான் தொடங்குறப்பவே ஒரு பேரு எழுதி வைங்க.

*தேதி ஒரு நாள் தள்ளித் தெரியுதா?* ரெண்டு பேரும் வேற வேற டைம் ஜோன்ல இருந்தா, ஒருத்தருக்கு இன்னைக்குன்னு தெரியுறது இன்னொருத்தருக்கு ஓவர்டியூன்னு சிவப்பா தெரியலாம். ப்ரொஃபைல்ல ரெண்டு பேர் டைம் ஜோனையும் பாத்துட்டு, யாரோட நேரத்துல கணக்குன்னு கார்டுல எழுதிடுங்க.

என் அபிப்ராயம், வேற எதுக்கு டூல நம்பினாலும் செக்-இன்னுக்கு நம்பாதீங்க, பிளானோட முழு நாளுக்கும் எல்லா சந்திப்பையும் முதல் நாளே ரெண்டு பேர் காலண்டர்லயும் போட்டுடுங்க. டாஸ்க் நோட்ஸ் எழுத மட்டும் இருக்கட்டும். ரெண்டு செக்-இன் தொடர்ச்சியா நடக்காமப் போயிருந்தா எச்ஆர் கிட்ட சொல்லியே ஆகணும், ஏன்னா குடுக்குறேன்னு சொன்ன உதவிய கம்பெனி குடுக்கலன்னு அர்த்தம், முடிவு தேதிய தள்ளி வைக்கிறதா இல்லையான்னு அவங்க தான் சொல்லணும்.

அறிகுறி 4: போர்டுல எல்லாம் பச்சை, ஆனா வேலைல எந்த முன்னேற்றமும் இல்லன்னு மேனேஜர் சொல்றாரு

*எத எண்ணுறீங்க?* "வாரத்துக்கு இத்தன டிக்கெட் மூடணும்"னு இலக்கு வச்சிருந்தா டிக்கெட் மூடப்படும், அவ்ளோ தான். ஒரு வேலைய நாலு டிக்கெட்டா உடைக்கலாம், சுலபமானத மட்டும் எடுக்கலாம், இதுல ஏமாத்துற எண்ணம் இருக்கணும்னுகூட அவசியமில்ல, வேலை போயிடும்னு பயத்துல இருக்குறவர் எத எண்ணுறாங்களோ அதத்தான் செய்வாரு. ஸ்டோரி பாயிண்ட்டும் அப்படித்தான், அது டீம் சேந்து திட்டம் போட உண்டான கணக்கு, ஒரு ஆள எடை போட அது உதவாது.

செக்: மூடின டிக்கெட்டுகள்ல அஞ்ச கண்ண மூடிட்டு எடுங்க. ஒவ்வொண்ணையும் திறந்து ஹிஸ்டரில திரும்ப ஓப்பன் ஆச்சா, அதுக்கப்புறம் அதே விஷயத்துக்கு புது பக் வந்துச்சா, ரிவ்யூவுல எத்தன தடவ திரும்பி வந்துச்சுன்னு பாருங்க. பெரும்பாலும் நல்லா இருந்தா மேனேஜரோட மனசுல இருக்குறது பழைய பிம்பம், போர்டு சொல்றது தான் உண்மை. இந்த இடத்துல மேனேஜர் கிட்ட "எந்த டிக்கெட்ல குறை, நம்பரச் சொல்லுங்க"ன்னு கேக்குறதுக்கு தயங்காதீங்க.

*யாரு மூடுறாங்க?* டிக்கெட்ட மூடுறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் பாக்குற ஸ்டெப் வொர்க்ஃப்ளோல இருக்கா? இல்லன்னா "சரிபாக்கணும்"னு போர்டுல ஒரு நெடுவரிசை சேருங்க. சப்டாஸ்க் எல்லாம் முடிஞ்சதும் தாய் டாஸ்க தானா மூடுற ஆட்டோமேஷன் ஓடுதான்னும் பாருங்க, இலக்கு எட்டுச்சா இல்லையான்னு மனுஷன் முடிவு பண்ண வேண்டிய இடத்துல ஒரு ரூல் முடிவு பண்ணிட்டு இருக்கும்.

*இலக்கே தப்பா?* உண்மையான பிரச்சனை வாடிக்கையாளர் கிட்ட பேசுற விதம், பிளான்ல இருக்குறது டிக்கெட் எண்ணிக்கை. அப்போ போர்டு பச்சையா தான் இருக்கும். இது செலவு பிடிக்கிற கேஸ், பிளானையே திரும்ப எழுதணும். நடுவுல இலக்க மாத்துறது ஊழியருக்கு அநியாயமா படும், படணும் கூட, அதனால எச்ஆர் இல்லாம தொடாதீங்க, மாத்தினா கெடுவையும் அதுக்கேத்த மாதிரி நீட்டிக் குடுங்க. சொன்ன இலக்க அவரு எட்டிட்டாருன்னா எட்டிட்டாரு தான், அத அவரு கிட்ட முதல்ல ஒத்துக்கணும்.

அறிகுறி 5: போர்டு முழுக்க சிவப்பு, ஆனா அவரு "நான் வேலை பாத்துட்டு தான் இருக்கேன்"னு சொல்றாரு

இதுல நேரம் செலவு பண்ணுங்க, ஏன்னா ஒருத்தரோட வேலைய காப்பாத்துற விஷயம் பல நேரம் இங்க தான் ஒளிஞ்சிருக்கும்.

*டிக்கெட் யாரு கிட்ட நின்னுச்சு?* ஓவர்டியூன்னு சிவப்பு காட்டுறது கடைசி தேதிய மட்டும் தான், நடுவுல யாரு கையில எவ்ளோ நாள் இருந்துச்சுன்னு அது சொல்லாது. ஒரு டிக்கெட்டோட ஹிஸ்டரியத் திறந்து தேதி தேதியா ஒரு பேப்பர்ல எழுதுங்க. இப்படி ஒரு டிக்கெட்ட நினைச்சுப் பாருங்க: திங்கக்கிழமை எடுத்தாரு, புதன் மத்தியானம் ரிவ்யூவுக்கு அனுப்பினாரு, அடுத்த செவ்வாய் வரைக்கும் ரிவ்யூவுல நின்னுச்சு, செவ்வாய் சாயங்காலம் ஒரு சின்ன திருத்தம் கேட்டாங்க, புதன் காலைல திருத்திக் குடுத்துட்டாரு, கெடு அந்த ரெண்டாவது வாரத்து திங்கக்கிழமையே முடிஞ்சு போச்சு. போர்டுல சிவப்பு இவர் பேருல. அவரு கையில இருந்தது சுமார் மூணு நாள் தான், மீதி எல்லாம் ரிவ்யூவர் கிட்ட. தாமதமான டிக்கெட் எல்லாத்துக்கும் இத பண்ணுங்க, ஒரு மத்தியானம் போகும், போகட்டும்.

*"பிளாக்டு"ன்னு குறிக்க இடம் இருக்கா?* இல்லன்னா சேருங்க, சேத்துட்டு கூடவே "யாருக்காக காத்திருக்கேன், எப்போல இருந்து"ன்னு ரெண்டு ஃபீல்டும் வைங்க. அவரு பிளாக்டுன்னு போட்டா அத சாக்குன்னு எடுத்துக்காம, அந்தத் தடைய எடுத்துவிடுறது மேனேஜரோட வேலைன்னு எடுத்துக்கணும்.

*மேனேஜர் பேருல எத்தன டாஸ்க் இருக்கு?* இந்தக் கேள்விய நான் எந்த பிஐபி போர்டப் பாத்தாலும் கேப்பேன். பிளான் டாகுமெண்ட்ட எடுத்துப் படிங்க, "பயிற்சி ஏற்பாடு செய்யப்படும்", "மூத்த ஊழியர் ஒருவர் வழிகாட்டுவார்", "தேவையான அணுகல் வழங்கப்படும்"னு கம்பெனி ஒத்துக்கிட்ட விஷயங்கள் இருக்கும். அதுக்கெல்லாம் போர்டுல கார்டு இருக்கா, ஆள் பேரு இருக்கா, தேதி இருக்கா? பாதி போர்டுல இருக்காது. ஊழியர் பேருல பன்னெண்டு கார்டு, மேனேஜர் பேருல ஒண்ணும் இல்ல. பயிற்சி நடக்கவே இல்லங்கறது அறுபதாவது நாள் தான் தெரிய வரும். ஒத்துக்கிட்ட ஒவ்வொரு உதவிக்கும் ஒரு கார்டு, அதே போர்டுல, அதே மாதிரி டியூ டேட்டோட, தாண்டினா அதே மாதிரி சிவப்பாகுற மாதிரி போடுங்க. உதவி கார்டுகள தேதிவாரியா முன்னாடி வைங்க, அந்த உதவிய நம்பி இருக்குற ஊழியரோட கார்டு அதுக்கு அப்புறம் தான் தொடங்கணும். டிபென்டென்சி போடுற வசதி உங்க டூல்ல இருந்தா இதுக்குத்தான் அது.

*வேலைப் பளு சரியா?* பிளானுக்கு வெளிய அவர் பேருல எத்தன டிக்கெட் இருக்குன்னு எல்லா புராஜெக்ட்டுலயும் சேத்துத் தேடுங்க. பிஐபி வேலை, வழக்கமான வேலை, ஆன்-கால் (அவசரம்னா எப்பவும் கூப்பிடக்கூடிய முறை) எல்லாம் ஒரே ஆள் தலைல இருந்தா எத எடுத்து வெளிய வைக்கலாம்னு எழுத்துல முடிவு பண்ணுங்க.

இவ்ளோ பாத்த அப்புறமும் தாமதம் அவரு கிட்ட தான்னா, இப்போ உங்க கிட்ட தெளிவான ஆதாரம் இருக்கு, அத வச்சு நேரா பேசலாம். மேனேஜரோட பாதி நடக்கலன்னு தெரிஞ்சா கெடுவ நீட்டுறது பத்தி எச்ஆர் கிட்ட பேசுங்க, மேனேஜரே அதுக்கு ஒத்து வரலன்னா அவருக்கு மேல இருக்குறவர் கிட்ட.

அறிகுறி 6: முடிச்ச கார்டு இன்னும் ஓப்பன்னு காட்டுது, இல்ல காலண்டர்ல தேதியே தெரியல

சின்ன விஷயம் தான், ஆனா ரிப்போர்ட்ல தப்பான எண்ணிக்கை போயிடும். ஜிராவுல கம்பெனி மேனேஜ்டு புராஜெக்ட்னா (அட்மின் செட்டிங்க பாத்துக்குற வகை) ஸ்டேட்டஸ் "டன்" ஆனா மட்டும் போதாது, வேலை எப்படி முடிஞ்சுதுன்னு சொல்ற ரெசல்யூஷன் ஃபீல்டும் நிரம்பணும், அது காலியா இருந்தா பல ஃபில்டரும் டாஷ்போர்டும் முடியாததுன்னு தான் எண்ணும். அட்மின் வொர்க்ஃப்ளோல ஒரு வரி சேத்தா சரியாயிடும். ஆசானாவுல சப்டாஸ்க் தாய் டாஸ்கோட புராஜெக்ட்ல தானா சேராது, அதனால சப்டாஸ்குக்கு போட்ட தேதி புராஜெக்ட் காலண்டர்ல வராது. மைல்ஸ்டோன எல்லாம் தனி டாஸ்காவே போட்டுடுங்க.

அறிகுறி 7: "அப்படி நான் சொல்லல", "தேதி அதுவா இல்ல"ன்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சொல்றாங்க

*ஹிஸ்டரிய திறங்க.* ஜிரா, ஆசானா, ட்ரெல்லோ எல்லாத்துலயும் டியூ டேட் யாரு எப்போ மாத்தினாங்கன்னு பதிவு இருக்கும். முக்காவாசி சண்டை இங்கயே தீந்துடும்.

*கமெண்ட்ட திருத்தினாங்களா?* பல டூல்ல திருத்தின கமெண்ட்டுக்கு பக்கத்துல "எடிட்டட்"னு வரும், முன்னாடி என்ன இருந்துச்சுன்னு வராது. அந்த நேரத்துல போன நோட்டிஃபிகேஷன் மெயில்ல பழைய வாசகம் இருக்கலாம், இன்பாக்ஸ்ல தேடுங்க. இனிமே திருத்தக்கூடாதுன்னா அட்மின் கிட்ட சொல்லி கமெண்ட் திருத்துற, அழிக்குற உரிமைய அந்தப் புராஜெக்ட்ல எடுத்துடுங்க, மேனேஜருக்கும் சேத்து.

*கார்டே அழிஞ்சு போச்சா?* ஆசானாவுல 30 நாளுக்குள்ளன்னா திரும்ப எடுக்கலாம். ட்ரெல்லோவுல ஆர்க்கைவ் பண்ணது திரும்பும், டிலீட் பண்ணது திரும்பாது. ஜிராவுலயும் டிலீட்னா போனது தான். யாரு அழிச்சான்னு தெரிஞ்சுக்க அட்மின் ஆடிட் லாக்ல எதாவது கிடைக்குதான்னு பாக்கணும்.

டூல்ல இருக்குறது வேலைப் பதிவு, அதிகாரப்பூர்வமான பிளான் எச்ஆர் கிட்ட இருக்குற கையெழுத்துப் போட்ட டாகுமெண்ட். இந்த ரெண்டையும் ஒண்ணா நினைக்காதீங்க. ஒவ்வொரு செக்-இன் முடிஞ்ச அன்னைக்கே மேனேஜர் அஞ்சாறு வரில என்ன பேசினோம், என்ன ஒத்துக்கிட்டோம்னு எழுதி, ஊழியர் அதுக்குக் கீழ "சரி" இல்லன்னா "இதுல எனக்கு உடன்பாடு இல்ல, காரணம் இது"ன்னு எழுதணும். உடன்பாடு இல்லங்கறதும் செல்லுபடியாகுற பதில் தான், அத அழிக்கச் சொல்லாதீங்க. 30, 60, 90 நாள் முடிவுல போர்ட பிடிஎஃப்பா எடுத்து எச்ஆர் ஃபைல்ல சேருங்க.

கமெண்ட் எழுதும்போது அந்த ஊழியர் இத ஒருநாள் முழுசா படிப்பாருன்னு நினைச்சு எழுதுங்க. ஐரோப்பாவுல ஜிடிபிஆர் படி தன்னப் பத்தி கம்பெனி வச்சிருக்குற தகவல ஊழியர் கேட்டு வாங்கலாம், 2018ல இருந்து அது அமல்ல இருக்கு. "பிரைவேட் நோட்" தானேன்னு நினைச்சு அவரோட குணத்தப் பத்தி, குடும்பத்தப் பத்தி எழுதி வைக்காதீங்க. மருத்துவ விவரம் போர்டுல ஒரு வரிகூட வரக்கூடாது, அவரே எழுதியிருந்தாலும் எச்ஆர் கிட்ட சொல்லி அவங்க சொல்ற மாதிரி எடுக்கணும்.

அறிகுறி 8: முடிவு தேதி தாண்டிடுச்சு, யாரும் எதுவும் சொல்லல

கார்டு இன்னும் "நடக்குது"ங்கற நெடுவரிசைல நிக்குது, அந்த மனுஷன் என்ன ஆச்சுன்னு கேக்கவும் பயந்துட்டு இருக்காரு. இதவிட மோசமான நிலை பிஐபில இல்ல.

*முடிவெடுக்குற டாஸ்க் இருக்கா?* பெரும்பாலும் இருக்காது. கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னாடி "முடிவுச் சந்திப்பு"ன்னு ஒரு டாஸ்க், மேனேஜர் பேருல, எச்ஆர் சேத்து போடுங்க. ஊழியருக்கும் அந்தத் தேதி தெரியணும்.

*முடிவெடுக்க யாருக்கு அதிகாரம்?* மேனேஜர் எச்ஆரப் பாக்குறாரு, எச்ஆர் டைரக்டரப் பாக்குறாங்க, கார்டு நிக்குது. ஒரு பேரு தான் இருக்கணும், அத கார்டுல எழுதணும்.

*பாதி எட்டிட்டாரு, பாதி இல்ல?* நீட்டலாம், ஆனா எத்தன நாள், எந்த இலக்குக்கு மட்டும், அதுக்கப்புறம் என்னன்னு எழுத்துல குடுத்து நீட்டுங்க. டியூ டேட்ட மட்டும் சத்தமில்லாம இழுத்து விடாதீங்க. வேலைய விட்டு எடுக்குற முடிவுன்னா இதுக்கு மேல இந்தக் குறிப்புல ஒண்ணும் இல்ல, எச்ஆரும் வக்கீலும் தான்.

அறிகுறி 9: பிளான் முடிஞ்சு பாஸ் ஆயிட்டாரு, ஆனா இன்னும் அவருக்கு ரிமைண்டர் வருது

ரிப்பீட் டாஸ்க நிறுத்தல, இல்ல மூடாத ஒரு சப்டாஸ்க் உள்ள கிடக்குது, இல்ல ஆட்டோமேஷன் ரூல் போர்ட மூடின அப்புறமும் ஓடுது. பாஸ் ஆகி ரெண்டு மாசம் கழிச்சு ஒரு காலைல "உங்க பிளான் ஓவர்டியூ"ன்னு மெயில் வந்தா அவருக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இந்த வரிசைல பண்ணுங்க: முதல்ல ஆட்டோமேஷன நிறுத்துங்க, அப்புறம் ரிப்பீட்ட எடுங்க, திறந்திருக்குற கார்ட எல்லாம் காரணம் எழுதி மூடுங்க, முழு போர்டையும் எக்ஸ்போர்ட் பண்ணி எச்ஆருக்கு குடுங்க, கடைசியா ஆர்க்கைவ் பண்ணிட்டு மேனேஜர் உள்பட எல்லாரோட உரிமையும் எடுத்துடுங்க. ஆர்க்கைவ முதல்ல பண்ணீங்கன்னா சில டூல்ல உள்ள இருக்குற டாஸ்க மாத்த முடியாது, திரும்ப திறந்து மூடணும்.

எவ்ளோ நாள் வச்சிருக்கணும், எப்போ அழிக்கணும்னு எச்ஆர் சொல்லுவாங்க, அந்தத் தேதிக்கு அட்மின் பேருல ஒரு டாஸ்க் போட்டுடுங்க. அவரு வேற டீமுக்கு மாறினா புது மேனேஜர் "பழைய போர்ட ஒருதடவ பாக்கணும்"னு கேப்பாரு. நீங்க குடுக்காதீங்க, எச்ஆர் கிட்ட கேக்கச் சொல்லுங்க.